ஐந்தாவது பாட்டு

ஐந்தாவது பாட்டுக்குத்தான் எழுந்து நிற்க வேண்டும் என்று ஜூனி மூன்றாவது தடவையாகச் சொன்னாள். அவள் கையில் பால் சொட்டும் கரண்டி. அதைக் கோலாகப் பிடித்துக்கொண்டு சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவளுடைய அப்பா ஹார்லன், சர்க்கரை ஆலையில் இரவு வேலையாகப் பன்னிரண்டு மணி நேரம் பீட் கிழங்கு கழுவிவிட்டு வந்தவன், பொரித்த முட்டையை ஏதோ அந்நியப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்டோபரில் கிழங்கு வரத் தொடங்கினால் பிப்ரவரி வரை ஆலை நிற்காது. ஆலை நிற்காதவரை அவனும் உட்கார முடியாது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த அழுகல் வாடை காது மடலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீடுவரை வந்துவிடும்.

"மொதப் பாட்டு கடலோரக் காவலுக்கு. அதுக்கு நம்ம ஊர்ல ஒரே ஒருத்தர்தான், தபால் ஆபீஸ் தாத்தா. ரெண்டாவது விமானப்படை. மூணாவது கடற்படை. நாலாவது மரீன். அஞ்சாவது தரைப்படை. அது உனக்கு. கேக்குறியாப்பா?"

"ம்."

விண்வெளிப் படைக்கும் புதிதாக ஒரு பாட்டு வந்திருக்கிறதாம். அதற்கு எழுந்து நிற்க இந்த ஊரில் ஆளில்லை என்று பாட்டு டீச்சர் மிஸஸ் வானெக் அதை விட்டுவிட்டார். செப்டம்பர் முதல் பிள்ளைகளுக்கு இதே வேலைதான். காலையில் வலக்கையை நெஞ்சில் வைத்துக் கொடிக்கு உறுதிமொழி. எது வலக்கை என்று பாதி வகுப்புக்கு நவம்பரிலும் தெரியாது. பிறகு கொடிக்குக் கலர் அடித்தல், மாநிலங்களை எண்ணுதல், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து படைகளின் ஐந்து பாட்டுகள். படைவீரர் தினமான நவம்பர் பதினொன்றாம் தேதி, அதாவது இன்று, காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் எல்லாம் ஒன்றுசேரும். எந்தப் படையின் பாட்டு வருகிறதோ அந்தப் படையில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் அவரவர் வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, தானே வெட்டிய காகித நட்சத்திரத்தைச் சட்டையில் ஒட்டும். கிழவர்கள் சிலர் அழுவார்கள். பிறகு எல்லோருக்கும் டோனட்டும் காபியும்.

ஜூனியின் நட்சத்திரம் நீல நிறம். முதுகில் பசை நாடா, அதன்மேல் உரித்து எடுக்கும் மெல்லிய தாள். இரண்டு நாளாக அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள்.

எல்லாம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. வசந்தத்தில் ஹார்லனின் அம்மா இறந்துபோனாள். அவள் வீட்டுச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து கார் நிறுத்தும் கொட்டகையில் அடைந்தன. செப்டம்பரில் ஒரு நாள் மதியம் ஜூனி ஒரு பெட்டியைக் குடைந்து அந்தப் படத்தை எடுத்துவந்தாள். பின்னால் நாட்டுக் கொடி, முன்னால் ராணுவ உடுப்பில் பத்தொன்பது வயது ஹார்லன், சிரிக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட முகம். ஜார்ஜியாவில் பயிற்சி முகாமுக்குப் போன இரண்டாவது வாரமே இந்தப் படத்தை எடுத்துவிடுவார்கள். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரிவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். அளவு சேராத சட்டையை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு சொடக்கு. தேறியவனுக்கும் அதே படம்தான், தேறாதவனுக்கும் அதே படம்தான். கிளிப் படத்தில் தெரியாது.

"அப்பா, நீ சோல்ஜரா இருந்தியா?"

அப்போது அவன் சோபாவில் பாதித் தூக்கத்தில் கிடந்தான். "ம்" என்றான். அந்த ஒரு "ம்" வகுப்புக்குப் போய், மிஸஸ் வானெக்கிடம் போய், அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் ஹார்லன் ப்ரூயெட், தரைப்படை என்று வந்து நின்றது.

அவன் அங்கே இருந்தது நாற்பத்தோரு நாள். ஓடத் தெரிந்தது, சுடவும் வந்தது. ஆனால் தூக்கத்தில் நடந்தான். சிறுவயதில் அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தபோது, அதெல்லாம் போயிடுச்சு, இல்லன்னு போடு என்று அம்மா சொன்னாள், போட்டான். ஐந்தாவது வாரம் பக்கத்துக் கட்டில்காரனின் காலடியில் நின்றான். ஆறாவது வாரம் உள்ளாடையோடு வெளியே போய்க் குளிர்பான இயந்திரத்துக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தான். சல்யூட் அடித்தான் என்பது மற்ற பையன்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்டது. துப்பாக்கி இருக்கிற இடத்தில் இப்படி ஒருவனை வைத்துக்கொள்ள முடியாது என்று டாக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். மறுநாள் பஸ். படைக்குப் போனபோது ஊரின் தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு எல்லைவரை வந்து வழியனுப்பியது. வரும்போது பெட்ரோல் பங்க் அருகே இறங்கி வீட்டுக்கு நடந்தான். கேட்டவர்களிடம் முழங்கால் என்றான். முழங்கால் யாருக்கும் போகலாம். நடு ராத்திரியில் பெப்சி இயந்திரத்துக்கு முன்னால் நின்றதை யாரிடம் சொல்வது? இந்தப் பதினைந்து வருடத்தில் மனைவி ரோண்டா ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறான்.

ரோண்டா முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஜூனி பல் தேய்க்கப் போன நேரம் பார்த்துக் குனிந்து கேட்டாள். "சொல்லிட்டியா?"

"இல்ல."

"ரெண்டு மாசமா இதே பதில்தான். வண்டியில போறப்பவாவது சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"நடந்தத சொல்லு. ஏழு வயசுப் பிள்ள, கேட்டுட்டுச் சிரிச்சிட்டுப் போயிடும்."

"அதான்" என்றான் ஹார்லன்.

ரோண்டா அவனைப் பார்த்தாள். அவளுக்கும் அன்றைக்கு எட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்டும் வேலை இருந்தது. இதற்குமேல் பேச அவளிடம் தெம்பில்லை. "ஃப்ளாய்ட் பெரியவர் முன்னாடி மட்டும் எந்திரிச்சு நின்னுடாத" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தனக்கில்லாத பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு மளிகைக்கடைக்கு வந்தான். பழைய படைக்காரரான ஃப்ளாய்ட் ஹேகன் தடியை ஊன்றிக்கொண்டு அவன் பின்னாலேயே போய், பால் அலமாரி முன்னால் நிறுத்தி, எந்த வருஷம், எந்தப் பிரிவு, உன் சார்ஜண்ட் பேரென்ன என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. அந்த ஆள் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனவன், பிறகு இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இருந்தாலும் ஹார்லன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அந்த உடுப்பை நாற்பத்தோரு நாள் போட்டது பொய்யில்லை. பாட்டு ஒரு நிமிடம்கூட இருக்காது. பாதி எழுந்து, பாதி குனிந்து, பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்துவிடலாம். பிள்ளை பார்த்தால் போதும். களைத்துப்போன மனிதனின் புத்தி இப்படித்தான் சந்து பொந்தாகப் பார்த்துப் போகும்.

வண்டியில் ஏறியதும் சன்னலைத் திறந்துவிட்டான், தூக்கம் வராமலிருக்க. வயல்களில் கிழங்கு பிடுங்கிய குழிகளில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது.

"ஜூனி, அந்தப் போட்டோ இருக்கில்ல..."

"மிஸஸ் வானெக் அதப் பெருசாக்கி நடையில ஒட்டிருக்காங்கப்பா! கொடிக்குப் பக்கத்துலயே!"

"அது இல்லம்மா. நான் அங்க ரொம்ப நாள் இல்ல."

"எத்தன நாள்?"

"நாப்பத்தோரு நாள்."

ஜூனி யோசித்தாள். பள்ளிக்கூடம் தொடங்கி நூறாவது நாளைக் கொண்டாடுவார்கள், நூறு பட்டன், நூறு மிட்டாய் என்று ஆளுக்கு ஒன்று கொண்டுபோக வேண்டும். அவளுக்குத் தெரிந்த பெரிய கணக்கு அதுதான். "நூறுல பாதிகூட இல்ல" என்றாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனது கேட்கவில்லை. "ஆனா நாப்பத்தொண்ணும் பெரிய நம்பர்தான்ப்பா. ஏன் வந்துட்ட?"

இதோ, கதவு திறந்துதான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். ஹார்லன் வாயைத் திறந்தான். பதினைந்து வருடம் பழகிய நாக்கு தன் வழியில் போய்விட்டது.

"முட்டி."

"அடிபட்டுச்சா?" ஜூனியின் கண் விரிந்தது. "அப்பா! அடிபட்டுச்சா உனக்கு?"

"அப்படி இல்லடா செல்லம், அது வந்து..."

வண்டி பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஜூனி கதவைத் திறந்து குதித்து, நட்சத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்ற மிஸஸ் வானெக்கை நோக்கி ஓடினாள். அவள் என்ன கத்திக்கொண்டு ஓடினாள் என்பது சன்னல் வழியாக நன்றாகவே கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு அவன் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துக் கதவு மூடிவிட்டது. பத்து மணிவரை வண்டிக்குள் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய்விடலாமா என்று பல தடவை சாவியைத் தொட்டான். போனால் அவள் மேடையில் நின்று காலி நாற்காலியைப் பார்ப்பாள். அதை நினைத்ததும் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

கூடத்தில் குடும்பங்களுக்குப் பக்கவாட்டுப் பெஞ்சுகள். படைக்காரர்களுக்கு நடுவில், மேடைக்கு நேர் எதிரே, மடக்கு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவனை முதல் வரிசைக்கு அழைத்துப் போனாள். பாதி எழுந்து பாதி குனியும் திட்டம் அங்கேயே செத்தது. ஹார்லன் என்று எழுதிய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, தொப்பியோடு ஃப்ளாய்ட் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா" என்றார். "ஆலையிலருந்து நேரா வரியா?"

"வீட்டுக்குப் போய்ட்டு வரேன் ஐயா."

"வாடை சொல்லுது." கிழவர் நிகழ்ச்சித் தாளை மடித்து விரித்தார். "உன் பேரப் பாத்தேன்."

ஹார்லன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அச்சடிக்கறதுக்கு முன்னாடியே மிஸஸ் வானெக் என்கிட்டதான் காட்டுனாங்க. பாத்தேன். திருப்பிக் குடுத்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று ஹார்லனுக்கு விளங்கவில்லை. நில்லு என்று சொன்னாரா, நின்றுதான் பாரேன் என்று சொன்னாரா?

பிள்ளைகள் வரிசையாக வந்து படிகளில் ஏறி நின்றார்கள். ஜூனி இரண்டாவது படியில், இடமிருந்து நான்காவது. முன்பல் இல்லாத சிரிப்பு. மிஸஸ் வானெக் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இருபத்தெட்டாவது வருடமாக இதே பாட்டுகளை இதே கூடத்தில் நடத்துகிறவர். கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை போட்டிருந்தார். குரலில் களைப்பு இருந்தது. ஆனால் கையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் அந்தக் குரல் கொஞ்சம் நடுங்கியது.

"இந்த வருஷம் நமக்கு ஒரு விசேஷம். நம்ம ரெண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியோட அப்பா, படையில காயம்பட்டு வீடு திரும்பினவர், இதுவரைக்கும் அதப் பத்தி யார்கிட்டயும் வாய் திறக்காதவர், மொத தடவையா இன்னிக்கு நம்மளோட உக்காந்திருக்கார்."

பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. ஃப்ளாய்ட் மட்டும் திரும்பவில்லை. கொடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல ஐயா."

"நிக்க முடியுதுல்ல?"

ஹார்லன் பதில் சொல்வதற்குள் முதல் பாட்டு தொடங்கிவிட்டது. தபால் ஆபீஸ் தாத்தா தன்னந்தனியாக எழுந்து நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூடத்தில் சூடேற்றி அலறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரக் குளிர் தண்ணீர் உடம்பிலிருந்து வெளியேறி, அந்த இடத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்தது. விமானப்படைப் பாட்டில் அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஃப்ளாய்டின் முழங்கை விலாவில் இடித்தது. விழித்தான். கடற்படைப் பாட்டில் மறுபடி சாய்ந்தான். மறுபடி முழங்கை. மரீன் பாட்டில் மூன்றாவது இடி. அதோடு தூக்கம் முழுக்கப் போய்விட்டது. வாழ்நாளில் அவன் அத்தனை விழிப்பாக இருந்ததில்லை. மேடையில் ஜூனி அவனை மட்டுமே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். கைவிரலை மடக்கி நாலு என்று காட்டினாள். அடுத்தது என்று கண்ணால் சொன்னாள்.

நின்றால் காயம்பட்டவனாக நிற்க வேண்டும். உயிரோடு திரும்பாத இந்த ஊர்ப் பையன்களின் பெயர் எழுதி மேடைச் சுவரில் மாட்டியிருந்த பலகைக்கு முன்னால், இந்தக் கிழவரின் பக்கத்தில், பெப்சி இயந்திரத்துக்காக. உட்கார்ந்திருந்தால், அப்பா ஏன் நிக்கல என்று நாற்பது பிள்ளைகள் அவளைக் கேட்கும். டோனட் தின்றுகொண்டே கேட்கும். அவளிடம் பதில் இருக்காது. மரீன் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. மிஸஸ் வானெக் கையைத் தூக்கினார்.

ஐந்தாவது பாட்டு தொடங்கியபோது ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டான்.

தலையைக் கவனமாக ஒரு பக்கம் சாய்த்தான். சுற்றிலும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. தரைப்படைதான் இந்த ஊரில் அதிகம். பக்கத்தில் தடி தரையில் ஊன்றும் சத்தம், கிழவரின் முனகல், அவர் எடை நாற்காலியை விட்டு எழும் சத்தம். ஹார்லன் முழங்கையை எதிர்பார்த்தான். விலா எலும்பு அதற்காகக் காத்தே இருந்தது. முழங்கை வரவில்லை.

"அப்பா!"

பாட்டு நடுவில், எல்லாக் குரலுக்கும் மேலே, அந்தக் குரல். "அப்பா! எந்திரி! உன் பாட்டு!"

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். அதுதான் தாங்க முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் "பாவம், ஆலையில நைட் ஷிஃப்ட்" என்றது. "விடுங்க, தூங்கட்டும், அடிபட்ட மனுஷன்" என்றது இன்னொரு குரல். ஹார்லன் மூச்சை நீளமாக இழுத்து விட்டான், தூங்குகிறவர்கள் விடுவதுபோல. அவமானம் சூடாகக் காதுவரை ஏறியது. காது சிவப்பது தெரியுமோ என்ற பயம் வேறு. பாட்டு எத்தனை சின்னது என்று கணக்குப் போட்டவன் அவன்தான். முடியவே மாட்டேன் என்றது.

முடிந்தது. கைதட்டல். பிள்ளைகள் படியிலிருந்து இறங்கும் தடதடப்பு. எங்கும் தாள் உரியும் சின்னச் சின்னச் சத்தங்கள், தாத்தா, மாமா, அப்பா என்ற குரல்கள். பக்கத்து நாற்காலியில் ஃப்ளாய்ட் திரும்ப உட்கார்ந்தார். அவருக்கு நட்சத்திரம் ஒட்ட ஒரு பேரன் வந்து போனான். பிறகு ஹார்லனின் பூட்ஸ் முனையில் ஒரு பிடி.

தினமும் மதியம் மூன்றரைக்குப் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவனை எழுப்புவது ஜூனியின் வேலை. கால் கட்டைவிரலைப் பிடித்துத் திருகுவாள். திருகுவதற்கு முன் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளாம். "நீ ஆன்னு வாயத் திறந்துட்டுத் தூங்குவப்பா, உள்ள மூணு வெள்ளிப் பல்லு இருக்கு, எண்ணிட்டேன்" என்று ரோண்டா முன்னால் சொல்லிச் சிரிப்பாள். உலகத்தில் அவன் தூக்கத்தை அவளைப்போலப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பூட்ஸின் இரும்பு முனையை அவள் திருகிப் பார்த்தாள். பிடி தளர்ந்தது. அவள் எழுந்து அருகில் வருவது தெரிந்தது. காலையில் குடித்த பாலின் வாசனை அவன் முகத்தின்மேல் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. சுற்றியிருந்த சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அப்பா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "வாய் மூடியிருக்கு."

ஃப்ளாய்ட் தொண்டையைச் செருமினார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

ஹார்லன் தாடையை மெல்லத் தளரவிட்டான். உதடு பிரிந்தது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது, மூன்று வெள்ளிப் பல்லும் தெரிகிற அளவுக்கு. சூடேற்றியின் காற்று உள்ளே போய் நாக்கு காய்ந்தது. அப்படியே அசையாமல் சாய்ந்து கிடந்து, தாள் உரியும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தான்.